ஒன்றேமுக்கால்

நாலாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திய வாரம்
எனக்குப் பெயர் வைத்தார்கள்:
ஒன்றேமுக்கால்.
வலது கால் ஒன்று. இடது, முக்கால்.
வைத்தவன் கணக்கில் எப்போதும் நூறு,
அதனால் நம்பிவிட்டேன்.

இருபத்தாறு வயதில்
பெரியாஸ்பத்திரி எலும்பு வார்டில்
முழங்காலுக்குக் கீழே அறுத்து
நான்கு வளையம், பதினொரு கம்பி மாட்டினார்கள்.
ஏழு நாள் சும்மா கிடக்கச் சொன்னார்கள்.
எட்டாம் நாள் டாக்டர் ஒரு ஸ்பானரைக் கையில் கொடுத்தார்,
பத்தாம் நம்பர்.
அண்ணனின் எக்ஸெல் வண்டிக்கும் அதே பத்துதான்.
"ஆறு மணிக்கொரு தரம் கால் சுற்று, முனீஸ்வரி.
நாலு கால் ஒரு சுற்று,
ஒரு சுற்று ஒரு மில்லிமீட்டர்."
நான் சிரித்தேன்.
எதற்கு என்றார். சொல்லவில்லை.

செல்லூரில் எங்கள் சந்து முழுக்கத் தறிச்சத்தம்.
நட்டு திரும்புவது எனக்கே கேட்காது.
நான் ஸ்பானரை எடுத்ததும்
அம்மா குடத்தோடு குழாயடிக்குப் போய்விடுவாள்,
தண்ணீர் வராத நாளிலும்.
திருகும்போது வலிப்பதில்லை.
வலி ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வரும்,
சாவகாசமாக,
பாவு இழுப்பதுபோல் தொடையிலிருந்து.

பதினொரு கம்பிக்கு இருபத்திரண்டு வாய்.
கொதித்து ஆறிய உப்புத்தண்ணீரில் பஞ்சு நனைத்து
ஒவ்வொன்றாகத் துடைப்பேன்.
எட்டாவது வாய் மட்டும்
கடைசிவரை ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

ரிவ்யூவுக்குப் போகும் நாட்களில்
கருமாத்தூர் ஒச்சப்பன் இருப்பான், ஒன்பது வயது,
வில்லாய் வளைந்த இரண்டு காலிலும் வளையங்கள்.
"எனக்கு ரெண்டு டவருக்கா, ஒனக்கு ஒண்ணுதான்"
என்பான், இரக்கத்தோடு.
ஷேர் ஆட்டோவில் எல்லாரும் என் பாவாடையைப் பார்க்க
(பக்கவாட்டில் கிழித்து வெல்க்ரோ தைத்தது)
அவனோ யாரும் கேட்காமலே
தன்னுடையதைத் தூக்கிக் காட்டுவான்.

எக்ஸ்ரேயில் இடைவெளி கறுப்பாக இருந்தது.
ஒண்ணுமில்லையே சார் என்றேன்.
"புகை மாதிரி தெரியுதுல்ல, அதுதான்."
பார்த்தேன்.
என்னைவிட இருபத்தாறு வயது இளைய எலும்பு.

நாற்பத்தெட்டாம் நாள்
குதிகால் தரையை விட்டு எழும்பிவிட்டது.
எலும்பு நீண்டதற்கு நரம்பு சம்மதிக்கவில்லை.
போதும், நிறுத்திரலாம் என்றார்.
அறுபது பேசியதில் பன்னிரண்டு பாக்கி.
அழுதேன்.
வலி என்று நினைத்து
மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வளையங்கள் இன்னும் ஐந்து மாதம் இருந்தன,
புகை கெட்டிப்படும் வரை.

கீழமாசி வீதி மண்டியில் எனக்கு டேலி வேலை.
பழைய பேரேடு ஒன்றில்
வீசம், கால்வீசம் என்று பார்த்திருக்கிறேன்.
சரக்கு இறங்காத ஒரு மதியம் போட்டுப் பார்த்தேன்:
நல்ல கால் எழுபத்தேழு சென்டிமீட்டர்.
குறைந்திருந்தது ஆறு.
அது காலே இல்லை.
அரைக்கால்கூட இல்லை.
வீசத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.
ஒரு தப்புக் கணக்குக்கு
இத்தனை வருஷம் திரும்பிப் பார்த்திருக்கிறேன்,
மைதானத்தில், பஸ் ஸ்டாப்பில்,
ஒருமுறை கல்யாண வீட்டுப் பந்தியில்
இலையிலிருந்து கையெடுத்து.

இப்போது பாக்கி, அறுபத்து நாலில் ஒன்று.
கால்வீசம்.
வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டவுன்ஹால் ரோட்டில்
என் இடது செருப்பின் அடியை
அடுக்கடுக்காக உரித்தார்கள்.
ஒன்றை விட்டு நாலு அடுக்கு வந்தது.
"இத என்னம்மா செய்யிறது?"
கேரிபேக்கில் வாங்கிக்கொண்டேன்.

மண்டியில் என் மேசைக்கு
வெகுநாளாய் ஒரு கால் குட்டை.
ஒரு அடுக்கை மடிக்காமல் அப்படியே
அண்டக் கொடுத்தேன்.
டீ சிந்துவதில்லை.
மற்ற மூன்றும் டிராயரில் கிடக்கின்றன,
ஸ்பானருக்குப் பக்கத்தில்.